வெள்ளையா, வண்ணமா, வெறும் உலோகமா: விமானத்துக்கு எந்தக் கோலம் பொருந்தும்?

ஃபிளைட் சிமுலேட்டரில் சொந்தமாக விமான நிறுவனம் நடத்துபவர்கள், வடிவமைப்புப் படிக்கும் மாணவர்கள், ஆர்வத்தில் நோட்டின் ஓரத்தில் வால் வரைந்து பார்ப்பவர்கள் என்று பலரும் விமானக் கோலத்தைப் பற்றி, அதாவது உடலிலும் வாலிலும் வரும் வண்ணம், சின்னம், எழுத்து பற்றிக் கேட்பது ஒரே கேள்விதான். "கையில் நாலைந்து வடிவம் இருக்கிறது. எல்லாமே நன்றாக இருக்கிறது. எதை எடுத்துக்கொள்வது?"

திரையில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். ஆனால் விமானம் தரையில் கொளுத்தும் வெயிலில் நிற்கிறது, மேலே மைனஸ் 50 டிகிரிக் குளிரில் பறக்கிறது, எண்ணெய் வழிகிறது, இருபது முப்பது ஆண்டு உழைக்கிறது. இடையில் உரிமையாளரும் மாறலாம். அதனால் அழகைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு, வேறு சில அளவுகோல்களோடு தொடங்குவோம். அவற்றில் தேறியதிலிருந்து அழகானதைப் பொறுக்குவது எளிது.

## முதலில் அளவுகோல்கள்

தூரத்தில் தெரிகிறதா? விமான நிலையத்தில் கட்டடங்களுக்கு மேலே எட்டிப் பார்ப்பது வால் மட்டுமே. மழையிலும் மங்கலிலும் அந்த வாலைப் பார்த்தே நிறுவனத்தைச் சொல்ல முடிய வேண்டும்.

விமானத்தின் தோல் எது? அலுமினியமா, கார்பன் இழையா? பலரும் கேட்க மறப்பது இதைத்தான். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 இரண்டின் உடலும் பெரும்பாலும் கார்பன் இழை. அதற்குப் பெயின்ட் கட்டாயம், இல்லையென்றால் இழைகளைப் பிணைக்கும் பிசினைப் புற ஊதாக் கதிர் அரித்துவிடும். பழைய பெயின்ட்டை எடுப்பதும் வேறு வேலை. அலுமினியத்தில் ரசாயனம் தெளித்து உரிக்கலாம். கார்பனில் அந்த ரசாயனம் பிசினையே கெடுக்கும் என்பதால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

எத்தனை நாள் தரையில் நிற்கும்? பெரிய விமானத்துக்கு முழுப் பெயின்ட் அடிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அந்த நாட்களில் வருமானம் இல்லை. பெயின்ட் டப்பாவின் விலையைவிட இந்த இழப்புதான் பெரிது.

விமானம் யாருடையது? உலகில் ஓடும் பயணிகள் விமானங்களில் ஏறத்தாழ பாதி குத்தகைக்கு எடுத்தவை. திருப்பிக் கொடுக்கும் நாளில் உங்கள் கோலத்தை அழித்துக் கொடுக்க வேண்டும்.

எப்படி வயதாகும்? கடும் சிவப்பும் அடர் நீலமும் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். அதோடு, ஒரு காலத்தின் மோகத்தில் பிறந்த வடிவம் அடுத்த பத்தாண்டில் பழசாகத் தெரியும்.

இந்த அளவுகோல்களில் ஐந்து வகைக் கோலங்களும் எங்கே நிற்கின்றன என்று ஒரு பார்வை:

| கோலம் | தூரத்து அடையாளம் | பராமரிப்பு | கார்பன் உடலுக்கு | குத்தகை விமானத்துக்கு |
|---|---|---|---|---|
| வெறும் உலோகம் | மிக நன்று | மிகக் கடினம் | முடியாது | ஒத்துவராது |
| சன்னல் பட்டை | நடுத்தரம் | மறைப்பு வேலை அதிகம் | முடியும் | நடுத்தரம் |
| வெள்ளை உடல், வண்ண வால் | வாலைப் பொறுத்தது | எளிது | மிக நன்று | மிக நன்று |
| உடல் முழுக்க வண்ணம் | மிக நன்று | நிறத்தைப் பொறுத்தது | அடர் நிறமானால் கவனம் | செலவு அதிகம் |
| விமானத்துக்கு ஒரு படம் | நிறுவனத்தைக் காட்டாமல் போகலாம் | கடினம் | முடியும் | செலவு அதிகம் |

## வெறும் உலோகம்

இது அமெரிக்கன் ஏர்லைன்ஸின் பழைய கோலம். மெருகேற்றிய அலுமினிய உடல், ஓரமாகச் சிவப்பு, வெள்ளை, நீலப் பட்டைகள். 1967ல் வடிவமைப்பாளர் மாசிமோ விக்னெல்லி ஹெல்வெட்டிகா என்ற எழுத்துருவில் பெயரையும், வாலுக்கு இரட்டை 'ஏ' சின்னத்தையும் அமைத்துக் கொடுத்தார். அது நாற்பத்தைந்து ஆண்டுக்கு மேல் நின்றது. மாலை வெயில் அந்த உடலில் பட்டுத் தகதகப்பதை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இதற்கு எல்லோரும் சொல்லும் காரணம் எடை. பெயின்ட் இல்லையென்றால் எடை குறையும், எரிபொருள் மிஞ்சும் என்பார்கள். உண்மைதான், ஆனால் எவ்வளவு? ஒரு போயிங் 747ன் மேல் பூசும் பெயின்ட் ஏறத்தாழ 250 கிலோ. முழுச் சுமையோடு கிளம்பும்போது அந்த விமானத்தின் எடை 400 டன்னை நெருங்கும். ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மறுபக்கம், வெறும் உலோகத்தை அடிக்கடி கழுவி, பளபளவென்று தேய்த்து, அரிப்பு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். போயிங்கே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, மிஞ்சும் எரிபொருளைத் தேய்க்கும் செலவு விழுங்கிவிடுகிறது என்று சொல்லியிருக்கிறது.

எடைக் கணக்கு செல்லுபடியாகும் இடமும் உண்டு. அமெரிக்க விண்வெளி ஓடத்தின் வெளித் தொட்டி 1981ல் நடந்த முதல் இரண்டு பயணங்களிலும் வெள்ளையாக இருந்தது. மூன்றாவது பயணத்திலிருந்து பெயின்ட்டை விட்டுவிட்டார்கள். 270 கிலோவுக்குப் பக்கத்தில் மிச்சம். அந்த ஆரஞ்சு நிறம் காப்பு நுரையின் சொந்த நிறம். ஆனால் அந்தத் தொட்டி ஒரே ஒருமுறை பயன்பட்டது, அதை யாரும் தேய்த்துக் கழுவ வேண்டியிருக்கவில்லை. விமானத்தின் கதை வேறு.

மறைந்திருக்கும் செலவு இன்னும் ஒன்று உண்டு. விமானத் தகடுகளின் வெளிப்பக்கம் தூய அலுமினியத்தின் மெல்லிய படலம், அரிப்பைத் தடுப்பது அதுதான். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் அதில் கொஞ்சம் போகும். தேய்க்கிற வேலைக்கே தனிக் கவனமும் வேண்டும். 1996ல் பெரு நாட்டில் ஒரு போயிங் 757ஐக் கழுவி மெருகேற்றியபோது, காற்றழுத்தத்தை அளக்கும் சிறு துளைகளை நாடா ஒட்டி மூடினார்கள். வேலை முடிந்தபின் அதை எடுக்க மறந்துவிட்டார்கள். அந்த இரவு உயரமானியும் வேகமானியும் பொய் சொல்ல, விமானம் கடலில் விழுந்தது. 70 பேரும் இறந்தார்கள். பெயின்ட் அடிக்கும்போதும் இதே துளைகளை மூடத்தான் வேண்டும். ஆனால் அது சில ஆண்டுக்கு ஒருமுறை வரும் வேலை, மெருகு திரும்பத் திரும்ப வருவது.

கடைசியில் இந்தக் கோலத்தை முடித்து வைத்தது கார்பன் இழை. 787 வாங்குவது உறுதியானபின், மெருகேற்ற உலோகமே இல்லாத உடலை என்ன செய்வது? 2013 ஜனவரியில் அமெரிக்கன் வெள்ளிநிறப் பெயின்ட்டுக்கு மாறியது. உலோகத்தின் நினைவைப் பெயின்ட்டில் வைத்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

எப்போது இதை எடுக்கலாம்: பழைய டிசி-3 போன்ற அலுமினிய விமானம், கையில் ஒன்றிரண்டுதான், தேய்க்க ஆளும் நேரமும் உண்டு என்றால், தயங்காமல் எடுங்கள்.

## சன்னல் பட்டை

மூக்கிலிருந்து வால் வரை சன்னல்களின் மேலேயே ஓடும் பட்டை. ஜெட் விமானங்கள் வந்த 1950களிலிருந்து 1970கள் வரை பெரும்பாலான விமானங்கள் இப்படித்தான் இருந்தன. சன்னல் வரிசையைத் தனித்தனிப் புள்ளிகளாகக் காட்டாமல் ஒரே கோடாக்கி, உடலை நீளமாகக் காட்டும் உத்தி இது. முன்னால் அது விமானியின் கண்ணாடிக்குக் கீழே உள்ள ஒளி கூசாத கறுப்புப் பகுதியோடு சேர்ந்து, முகத்துக்கு மை தீட்டியதுபோல் ஒரு பார்வையைக் கொடுக்கும். பான் ஆம் என்ற பழைய அமெரிக்க நிறுவனத்தின் ஒற்றை நீலப் பட்டையும் வாலில் நீல உருண்டையும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

விமானத்தின் சிறு மாதிரிகளில் இந்தப் பட்டையை ஒட்டிப் பார்த்தவர்களுக்கு அதன் கஷ்டம் தெரியும். உடலின் நடுப்பகுதி உருளை, அங்கே நேர்கோடு நேராகத் தெரியும். மூக்கிலும் வாலடியிலும் உடல் ஒடுங்குகிறது. அங்கே அளந்து போட்ட நேர்கோடு கண்ணுக்கு வளைந்து தொங்கும். கண்ணை நம்பித்தான் திருத்த வேண்டும். விமான வகை மாறினால் சன்னலின் உயரமும் கதவின் இடமும் மாறும், வரைபடத்தை மறுபடி போட வேண்டும். பட்டை எத்தனையோ, நாடா ஒட்டி மறைத்து, பூசி, காய வைக்கும் சுற்றும் அத்தனை.

ஏர் இந்தியாவின் சன்னல் வளைவுகள் இந்தக் குடும்பத்தின் மிக அழகான பிள்ளை என்பேன். 1971ல் 747 வந்தபோது ஒவ்வொரு சன்னலைச் சுற்றியும் அரண்மனை மாடத்தைப் போன்ற சிவப்பு வளைவு வரைந்தார்கள். கோடாக ஓடவேண்டிய பட்டை அங்கே மாட வரிசையாயிற்று. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு விமானம் மாளிகை, உள்ளே இருப்பவர் அதன் மாடத்தில் உட்கார்ந்திருப்பவர். ஒரு பட்டையில் இவ்வளவு சொல்ல முடியும் என்று காட்டிய வேறு வடிவம் எனக்குத் தெரியாது. 2023ல் வந்த புதிய கோலத்தில் அந்த வரிசை இல்லை. ஆனால் அந்த வளைவின் கூம்புதான் இப்போதைய சின்னத்துக்கு வித்து.

எப்போது இதை எடுக்கலாம்: ஒரே வகை விமானம்தான் வைத்திருக்கிறீர்கள், பழமை உங்கள் கதையின் பகுதி என்றால் பட்டை பொருந்தும். நாலு வகை விமானம் கலந்திருந்தால் வேண்டாம்.

## வெள்ளை உடல், வண்ண வால்

1970களின் நடுவில் ஏர் பிரான்ஸ் தன் விமானங்களை வெள்ளையாக்கி, வாலில் மட்டும் நீல, சிவப்புக் கோடுகள் வைத்தது. மற்ற ஐரோப்பிய நிறுவனங்களும் அந்த வழியில் வர, இந்தப் பாணிக்கு 'யூரோ வெள்ளை' என்று பெயர் நிலைத்தது.

வெள்ளைக்குப் பின்னால் இயற்பியலும் உண்டு. 2003 வரை பறந்த கான்கார்டு பயணிகள் விமானம் ஒலியைவிட இரு மடங்கு வேகத்தில் போகும்போது அதன் மூக்கு 127 டிகிரி வரை சூடானது. வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயின்ட் அதற்கு அவசியமாக இருந்தது. 1996ல் பெப்சி விளம்பரத்துக்காக ஒரு கான்கார்டின் உடலுக்கு நீலம் பூசினார்கள். அப்போதும் இறக்கைகளை வெள்ளையாகவே விட்டார்கள், ஏனென்றால் எரிபொருள் அங்கேதான் இருக்கிறது. உச்ச வேகத்தில் 20 நிமிடத்துக்கு மேல் பறக்க வேண்டாம் என்றும் வரம்பு வைத்தார்கள். பிசின் இழையில் செய்த கிளைடர்கள் ஏறக்குறைய எல்லாமே வெள்ளையாக இருப்பதற்கும் இதே வெப்பம்தான் காரணம்.

சாதாரணப் பயணிகள் விமானத்துக்கு அவ்வளவு சூடு இல்லை. ஆனாலும் வெள்ளையின் நன்மைகள் வரிசையாக நிற்கின்றன. எண்ணெய்க் கசிவும் விரிசலும் பளிச்சென்று தெரியும். குத்தகை முடிந்தால் வாலையும் பெயரையும் மாற்றினால் போதும். வெயிலில் வெளுக்க எதுவும் இல்லை.

குறை ஒன்றுதான், அது பெரியது. வெள்ளை உடலை எல்லோரும் எடுத்துவிட்டதால், வால் வலுவாக இல்லையென்றால் நீங்கள் கூட்டத்தில் கரைந்துவிடுவீர்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பறவை 1972ல் வந்தது, இன்றும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அந்த வாலை ஓடுபாதையின் மறுகோடியிலிருந்தே சொல்லிவிடலாம். வாலில் மெல்லிய கோடு, சின்ன எழுத்து, வெளிர் நிறம் என்று வைத்தால் இந்தக் கோலம் பயனற்றது.

வாலை வரையும்போது சுக்கானை மறக்காதீர்கள். வாலின் பின்பாதி அசையும் பாகம், அதன் எடைச் சமநிலை துல்லியமாக இருக்க வேண்டும். பழைய பெயின்ட்டின் மேலேயே அடுக்கடுக்காகப் பூசிச் சமநிலை கெட்டால், வேகத்தில் படபடவென்று அதிரும் ஆபத்து உண்டு. அதனால் பூசியபின் சமநிலையைச் சரிபார்க்கும் நடைமுறை இருக்கிறது. அப்புறம், பழுதானால் சுக்கானை மட்டும் கழற்றி வேறொன்றை மாட்டுவார்கள். உங்கள் சின்னத்தின் முக்கியமான கோடு சரியாக அந்த இணைப்பில் விழுந்தால், ஒரு மில்லிமீட்டர் விலகலும் கண்ணை உறுத்தும்.

எப்போது இதை எடுக்கலாம்: குத்தகை விமானம், கலப்பு வகை, புதிய நிறுவனம். பத்தில் ஏழு பேருக்கு நான் இதையே சொல்வேன், வாலில் துணிச்சல் காட்டுங்கள் என்ற நிபந்தனையோடு.

## உடல் முழுக்க வண்ணம்

1965ல் பிரானிஃப் என்ற அமெரிக்க நிறுவனம் வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் ஜிரார்டை அழைத்து ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு முழு நிறம் பூசியது. ஆரஞ்சில் ஒன்று, எலுமிச்சை மஞ்சளில் ஒன்று, நீலத்தில் ஒன்று. பணிப்பெண்களின் உடையை எமிலியோ பூச்சி வடிவமைத்தார். 1973ல் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் ஒரு டிசி-8 ஜெட் விமானத்துக்கே ஓவியம் தீட்டினார். உடலில் நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவர் கையெழுத்து மட்டும் இருந்தது. 1982ல் பிரானிஃப் பறப்பதை நிறுத்தியது. வீழ்ச்சிக்குக் காரணம் பெயின்ட் அல்ல, அளவுக்கு மீறிய விரிவாக்கமும் கடனும். ஆனால் மூடிய நிறுவனத்தை இன்றும் பலர் நினைவில் வைத்திருப்பதற்குப் பெயின்ட்தான் காரணம்.

நீடித்த வெற்றி என்றால் நெதர்லாந்தின் கே.எல்.எம்மைச் சொல்வேன். மேல்பாதி இளநீலம், கீழ்பாதி வெளிர் நிறம், வாலில் வடிவமைப்பாளர் ஹென்றியன் 1961ல் அமைத்த கிரீடம். இளநீலம் வெளுத்தாலும் இளநீலமாகவே தெரிவது அதன் பலம். ஏர் நியூசிலாந்து 2011ல் ஒரு பெரிய 777ஐ முழுக் கறுப்பாக்கியது. பார்க்கப் பிரமாதம். ஆனால் மொத்தக் கூட்டத்தையும் அப்படி ஆக்கவில்லை, பெரும்பாலானவை வெள்ளை உடலும் கறுப்பு வாலுமாக இருக்கின்றன. அந்தக் கணக்கு சரியானது.

மறைந்திருக்கும் செலவு பாகங்களில் வருகிறது. கதவு, என்ஜின் மூடி, சுக்கான் இவற்றை ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது அன்றாட வேலை. பல நிறக் கூட்டத்தில் நீல விமானத்துக்கு ஆரஞ்சுக் கதவு வந்து சேரும். வெளியேறும் கதவைச் சுற்றி, உடல் நிறத்திலிருந்து மாறுபட்டுத் தெரியும் 5 சென்டிமீட்டர் பட்டை வேண்டும் என்பது அமெரிக்க விதி. உங்கள் ஓவியத்தின் நடுவே அது கட்டாயம் வரும், வரையும்போதே இடம் விடுங்கள்.

எப்போது இதை எடுக்கலாம்: விமானங்கள் சொந்தம், நிறம் ஒன்றே ஒன்று, அதுவும் வெளுப்பைத் தாங்கும் நிறம் என்றால்.

## விமானத்துக்கு ஒரு படம்

1997ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் உலகெங்கும் உள்ள கலைஞர்களின் ஓவியங்களை விமான வால்களில் ஏற்றியது. முன்னாள் பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர் ஒரு மாதிரி விமானத்தின் வாலைக் கைக்குட்டையால் மூடியது செய்தியாயிற்று. இதற்கிடையில் போட்டியாளரான வர்ஜின் அட்லாண்டிக் பிரிட்டிஷ் கொடியைத் தன் விமானங்களில் எடுத்துக்கொண்டது. 1999ல் மாற்றம் நின்றது. 2001ல் எல்லா விமானங்களுக்கும் ஒரே கொடி வால் என்று அறிவித்தார்கள். அந்தக் கொடி வடிவம் அதுவரை கான்கார்டில் பறந்துகொண்டிருந்தது.

ஓவியங்கள் ஒவ்வொன்றும் அருமையானவை. பிழை அவற்றில் இல்லை. ஒவ்வொரு வாலும் வேறாக இருந்தால் எந்த வாலும் நிறுவனத்தைச் சொல்லாது. ஃபிரான்டியர் ஏர்லைன்ஸ் இதே உத்தியில் வென்றது: ஒவ்வொரு வாலிலும் வேறு காட்டு விலங்கு, ஆனால் எப்போதும் விலங்குதான், உடலும் எழுத்தும் மாறுவதில்லை. சட்டகம் ஒன்றாக இருந்ததால் படங்கள் ஒரே குடும்பமாகத் தெரிந்தன.

இன்னொரு வழி, படத்தை விருந்தாளியாக மட்டும் வைப்பது. 1994ல் குவான்டாஸ் ஆஸ்திரேலியப் பழங்குடி வடிவங்களோடு ஒரு 747ஐப் பூசியது. அந்த ஒரு விமானம் உலகப் புகழ் பெற்றது, மற்றவை சிவப்பு வாலில் கங்காருவோடு தொடர்ந்தன. நாற்பது விமானம் உள்ள நிறுவனத்துக்கு ஒன்றிரண்டு விருந்தாளி போதும்.

## சின்னம்: பழையதைத் தொடர்வதா, புதிதாக வரைவதா?

மேலே உள்ள எதை எடுத்தாலும் இந்தக் கேள்வி மிஞ்சும். ஜப்பான் ஏர்லைன்ஸ் இரண்டு வழியையும் நடந்து பார்த்துவிட்டது. 1959ல் பிறந்த சிவப்பு வட்ட நாரையை 2002ல் கைவிட்டு, எழும் சூரியனின் வில்லை வாலில் வைத்தார்கள். 2010 ஜனவரியில் நிறுவனம் திவாலாகி மறுசீரமைப்புக்குப் போனது. மீண்டு வந்தபோது, 2011ல், நாரை திரும்பியது. முதலில் இருந்த உணர்வுக்குத் திரும்புகிறோம் என்று சொல்ல அவர்களிடம் அதைவிட நல்ல சொல் இல்லை.

இரண்டு நிறுவனங்கள் இணையும்போது இது இன்னும் சிக்கல். 2010ல் யுனைடெட் பெயரையும் கான்டினென்டலின் உருண்டை வாலையும் ஒட்டினார்கள். அதில் யுனைடெட்டுக்காக 1974ல் வடிவமைப்பாளர் சால் பாஸ் வரைந்த 'யு' மலர் போய்விட்டது. இரு தரப்பு ஊழியர்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்த சமரசம் அது. சமரசமாக நல்லது, வடிவமாக இழப்பு என்பது என் கருத்து.

ஐம்பது ஆண்டுச் சின்னம் கையில் இருந்தால் அதைத் தொடுங்கள், ஆனால் எறியாதீர்கள். ஜெர்மனியின் லுஃப்தான்சாவின் நாரையை ஓட்டோ ஃபிர்லே 1918ல் வரைந்தார். 1960களின் தொடக்கத்தில் வடிவமைப்பாளர் ஓட்ல் ஐஹரின் குழு அதை ஒழுங்குபடுத்தியது. 2018ல் கோடுகள் இன்னும் மெலிந்தன, வாலிலிருந்த மஞ்சள் வட்டம் போயிற்று. நூறு ஆண்டாகியும் பறவை அதே பறவை.

அந்த 2018 மாற்றத்தில் செய்முறைக்கு உதவும் ஒரு செய்தி இருக்கிறது. திரையில் தேர்ந்தெடுத்த அடர் நீலம், உண்மையான விமானத்தின் மேல் ஏறியபின் சில வெளிச்சங்களில் கறுப்பாகத் தெரிந்தது. நிறத்தைச் சற்று மாற்ற வேண்டியதாயிற்று. பெரிய நிறுவனத்துக்கே இது நேரும் என்றால் நமக்கும் நேரும். அதனால் நீங்கள் தேர்ந்தெடுத்த நிறத்தை ஒரு வளைந்த தகட்டில் பூசி வெளியே வைத்துப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு ஒருமுறை, உச்சி வெயிலில் ஒருமுறை, மழை மேகத்தின் கீழ் ஒருமுறை, இரவில் விளக்கொளியில் ஒருமுறை. சிமுலேட்டரில் பூசுபவர்களும் நாளின் நேரத்தையும் வானிலையையும் மாற்றி மாற்றி, அருகிலிருந்தும் ஓடுபாதையின் மறுமுனையிலிருந்தும் பாருங்கள். நாலைந்து வடிவங்களில் இரண்டு அங்கேயே விழுந்துவிடும்.